பத்தியம் அவளுக்கு, பரோட்டா அவனுக்கு

ஆசிரியருக்கு,

கல்யாணமாகி ஒரு வருடம் ஆனதும் "விசேஷம் உண்டா?" என்று கேட்காத உறவே இல்லை. கேட்டதோடு விடாமல் என் மருமகளுக்கு ஆளுக்கொரு பத்தியமும் சொன்னார்கள். பப்பாளி தொடாதே, எள்ளு தொடாதே. ஒருவர் 1,800 ரூபாய்க்குப் பொடி டப்பாவே வாங்கி வந்துவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அதன்மேல் ஒரு வரி இல்லை.

ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின் மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. கருத்தரிக்க முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் சரியாக மூட இந்தச் சத்து வேண்டும். அதுவோ கருவுற்று 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய் டாக்டரிடம் போவதற்குள் பெரும்பாலும் அந்த வேலை முடிந்தே போயிருக்கும். கீரை, பாசிப்பயறு நல்லதுதான், மாத்திரைக்கு ஈடில்லை.

அப்புறம், பத்தியம் பெண்ணுக்கு மட்டும்தானா? விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆகும். என் மகனோ ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டாவும் சிகரெட்டுமாக இருந்தான். அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். சிகரெட் நின்றது. பரோட்டா வாரம் ஒருமுறை ஆனது.

உங்கள் மருத்துவப் பகுதியில் ஆண்களின் சாப்பாட்டுக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

வாசகி, கும்பகோணம்