உப்பிடாமல் சோறிட்டவர்களுக்கு

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் தெருவாருக்கும், காந்தி ரோட்டை ஒட்டிய லாட்ஜில் இரண்டாம் மாடியில் தங்கியிருந்தவர்களுக்கும், ஆட்டோ அண்ணனுக்கும், இலவம்பாடிப் பெரியவருக்கும், ஜூஸ் கடைத் தம்பிக்கும் வணக்கம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நீங்கள் யாரும் என் தோழிக்கு உப்பிடவில்லை. சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீங்களும் உப்பே இல்லாமல் கோடை முழுக்க அவளுக்குச் சமைத்துப் போட்டீர்கள். உங்களை எவ்வளவு காலம் நினைப்பது என்று அந்தப் பழமொழியில் இல்லை. அவள் செய்யாறு பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டாள். "எனக்குக் கை நடுங்குது, நீயே எழுதுடி. ஒருத்தரையும் விட்டுடாதே" என்று போனில் உத்தரவு. பெயர் போடாதே என்று உங்களில் பாதிப் பேர் கண்டிப்பாகச் சொன்னதால் ஒருவர் பெயரையும் போடவில்லை. யார் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அவளை லாட்ஜில் பார்த்துத்தான் பலருக்கும் பழக்கம், அதனால் கொஞ்சம் பழைய கதை. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது இதே ஊரில் ஒரே விடுதி அறையில் இருந்து படித்தவர்கள் நாங்கள். 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், அவள் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரி ஆகிவிட்டாள். சண்டை வந்தால் இன்றைக்கும் "உங்க ஜில்லாக்காரங்களே இப்படித்தான்" என்பாள். சர்க்கரை நோய் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அதற்காகச் செய்யாற்றிலிருந்து பஸ் ஏறி வந்து போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. என் வீடோ செங்குத்தான மாடிப்படி, நாலு படிக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. அதனால்தான் லிஃப்ட் இருக்கிற லாட்ஜ், சமையல் மேடையோடு ஒரு அறை. அவள் வீட்டுக்காரர் பொறுமைசாலி, நல்ல மனுஷர். டீ மட்டும் போடுவார்.

முதலில் எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. டயட்டீசியன் கொடுத்த தாளை என்னிடமிருந்து வாங்கி ஜெராக்ஸ் எடுத்துத் தெருவில் ஆறு வீட்டுச் சமையலறையில் ஒட்டியது அவர்தான். உப்பை விட்டுவிடுவது சுலபம், மற்றதுதான் கஷ்டம். சிறுநீரகம் வேலை செய்யாதபோது பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கி இதயத் துடிப்பைக் கெடுக்கும். ஆகவே இளநீர், வாழைப்பழம், கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு என்று நாம் நோயாளிக்குத் தேடித் தேடிக் கொடுப்பதெல்லாம் இங்கே ஒதுக்க வேண்டியவை. ஒத்துக்கொள்ளும் காயையும் சின்னதாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். காய் வெந்த தண்ணீரில்தான் சத்தெல்லாம் இருக்கிறது என்று கேட்டு வளர்ந்த தெரு எங்களுடையது. முதல் நாள் சுரைக்காய்த் தண்ணீரை வடித்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் கொட்டினார். பிறகு மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி, சொட்டு எலுமிச்சை என்று அந்தச் சுரைக்காய்க்கு ஒரு வாசனையைக் கொண்டுவந்தார். டயாலிசிஸில் புரதம் வெளியே போய்விடும், அதை ஈடுகட்ட முட்டை வெள்ளைக்கரு வேண்டும் என்று தாளில் இருந்தது. முட்டையே ஆகாத அவர் வீட்டில் அதற்கென்று தனி வாணலி வந்தது.

உப்புக்குப் பதிலாக "சோடியம் குறைந்த உப்பு" பாக்கெட் ஒன்றை ஒருவர் அன்போடு வாங்கி வந்தார். டயட்டீசியன் அதைப் பார்த்ததும் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்க்கிறார்களாம், சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. வேறு யார் வீட்டிலாவது டயாலிசிஸ் நோயாளி இருக்கலாம், அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

வேலூர் வெயிலை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்த அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து குடிக்க வேண்டும், அந்தக் கணக்கில் மோரும் ரசமும் டீயும் அடக்கம். அளவு மீறினால் அடுத்த டயாலிசிஸில் எடை காட்டிக்கொடுத்துவிடும். ஜூஸ் கடைத் தம்பி தினமும் சின்ன ஃபிளாஸ்கில் ஐஸ் துண்டு கொடுத்தனுப்பினான், ஒரு பைசா வாங்கவில்லை. ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டிவிடுவாள். தம்பி, உன் கடையில் ஒரு நாளாவது ஒரு கிளாஸ் சாத்துக்குடி ஜூஸ் குடிக்காமல் சாகமாட்டேன் என்று அவள் சபதம் போட்டிருக்கிறாள். சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்தபிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு வருவாள்.

பக்கத்து அறை தீதிக்கு (வங்காளத்தில் அக்கா) இதைப் படித்துக்காட்ட ஆள் பிடிக்க வேண்டும். மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து அப்பாவின் சிகிச்சைக்காக வந்தவர். பாபு ராவ் தெருப் பக்கம் வங்காளத்தில் எழுதிய பலகையைப் பார்க்காமல் நாலு கடை தாண்ட முடியாது, காய்க்காரம்மாவே விலையை வங்காளத்தில் சொல்லுவார், ஆகவே தீதிக்குத் தமிழ் தேவைப்படவே இல்லை. எங்களுக்காகக் கற்றுக்கொண்ட சொற்கள் "உப்பு வேணாம்", "தண்ணி கொட்டு", "சாப்டு". இந்த மூன்றை வைத்துக்கொண்டே மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார். அவர்கள் வழக்கப்படி அதில் உருளைக்கிழங்கு இல்லாமல் இருக்காது. இவளுக்காக அதை விட்டுவிட்டு, "இது மீன் குழம்பே இல்லை" என்று தன் மொழியில் புலம்பிக்கொண்டே பரிமாறினார்.

இலவம்பாடிப் பெரியவரை டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில்தான் பார்த்தோம், அவர் மனைவிக்கும் அதே நாளில்தான் முறை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்தரிக்காயை, மஞ்சப்பை நிறைய, தோட்டத்திலிருந்தே கொண்டுவந்தார். எண்ணெய்க் கத்தரிக்காய் கேட்டு அடம்பிடித்தாள் இவள். புளி கூடாதே! புளியில்லாமல், உப்பில்லாமல், மிளகும் பூண்டும் அரைத்துத் திணித்துச் செய்தோம். சாப்பிட்டுவிட்டு, "கத்தரிக்காய்தான், ஒத்துக்கறேன்" என்றாள். பக்ரீத் அன்று தையல்கடை பாய் வீட்டிலிருந்து, உப்புப் போடும் முன்னே தனியாக எடுத்துச் சமைத்த இரண்டு துண்டு கறி வந்தது. இரண்டே துண்டுக்காகத் தனி அடுப்பு மூட்டிய அந்த வீட்டம்மாவுக்கு சலாம்.

இவ்வளவு இருந்தும் ஆரம்பத்தில் கேரியர் பாதிச் சாப்பாட்டோடுதான் திரும்பி வந்தது. நாங்களும் ருசி போதவில்லை என்று மசாலாவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். உண்மையைக் கண்டுபிடித்தது அக்காவின் மாமியார். ஒரு சாயங்காலம் லாட்ஜுக்கு வந்தவர், கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கும் அதையே போடு" என்றார். உங்களுக்கு உப்புப் போட்ட குழம்பு இருக்கு பாட்டி என்றோம். "அவ தின்றதைத்தான் நானும் தின்பேன்" என்று தட்டை நீட்டினார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே முழுக் கேரியரையும் காலி செய்தார்கள். அவளுக்கு நாக்கு செத்துப்போகவில்லை. தனியாக, சுவரைப் பார்த்து, மருந்து மாதிரி விழுங்கப் பிடிக்கவில்லை. நோயாளி என்று தனித் தட்டு வைத்ததுமே பாதிப் பசி போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம். இதை எந்தத் தாளிலும் அச்சடித்துத் தரவில்லை.

அன்றிலிருந்து பாட்டி போட்ட சட்டம்: டயாலிசிஸ் நாளில் யாராவது இரண்டு பேர் அந்த அறையில் அதே சோற்றைச் சாப்பிட வேண்டும், ஊறுகாய் பாட்டிலோடு யாரும் உள்ளே வரக் கூடாது. அப்படி முறை வைத்து வந்து உட்கார்ந்தவர்கள்தான் இந்த மடலுக்கு முதல் உரிமைக்காரர்கள். வேலை முடிந்து பசியோடு வந்து அந்தச் சப்பைக் கூட்டைச் சாப்பிட்ட டியூஷன் டீச்சர், இரண்டாம் மாடித் துப்புரவு அம்மா, எல்லோரும். ஆட்டோ அண்ணன் முதல் வாய் வைத்ததும், "இன்னாக்கா இது, ஒண்ணுமே கீல!" என்றார். பிறகு இரண்டாவது முறையும் சோறு கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து லாட்ஜுக்குக் காசு வாங்க மறுத்த நாளெல்லாம் அது சாப்பாட்டுக் கணக்கில் கழிந்ததாகச் சொல்லிக்கொள்வார்.

பழக்கூடையோடு வந்து, இது எப்படி வந்தது என்று அரை மணி நேரம் விசாரித்துவிட்டுப் போனவர்களுக்கும் நன்றி. ஆப்பிளை அவளுக்கு வைத்துக்கொண்டோம். வாழைப்பழமெல்லாம் வராந்தாவில் விளையாடிய பிள்ளைகளுக்குப் போனது.

இப்போது அவளுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே அரசு மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் நடக்கிறது. அவள் கூடப்பிறந்த தம்பி சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறான், சோதனைகள் போய்க்கொண்டிருக்கின்றன. பயப்படுகிறாள். பாட்டிதான் போனில், "இந்தியாவிலேயே முதல்ல நல்லபடியா கிட்னி மாத்தினது நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிலதான்டி, 1971-லேயே. அப்பவே பண்ண ஊரு, இப்ப உனக்குப் பண்ணாதா?" என்று அதட்டினார். அதட்டல் வேலை செய்தது. மறுநாள் மசாலா அளவு கேட்டு அக்காவுக்குப் போன் வந்தது, தம்பி பெண்டாட்டி சமைக்கிறாளாம், கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம்.

பாத்திரங்கள் என் வீட்டில் சேர்ந்து கிடக்கின்றன. "க.ரா." என்று பெயர் வெட்டிய மூன்றடுக்குக் கேரியர், மூடி இல்லாத எவர்சில்வர் தூக்கு, பச்சை மூடி போட்ட இரண்டு டப்பா, தீதியுடைய இரும்பு வாணலி (அவர் ஊருக்குப் போகும்முன் வாங்கிக்கொள்ள வேண்டும்), ஜூஸ் கடை ஃபிளாஸ்க். எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உப்பு உண்டு.

அன்புடன்,
தோட்டப்பாளையம் மாடிவீட்டுக்காரி