மொசார்ட்டோடு முடிந்துவிடுமா ஐரோப்பா?

ஆசிரியருக்கு வணக்கம். ஐரோப்பிய இசை என்றாலே மொசார்ட், பீத்தோவன் என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம். மகளைப் பார்க்க ஜெர்மனி வந்திருக்கிறேன். போன வாரம் இங்கே ஒரு தேவாலயத்தில் பல நாட்டு நாட்டுப்புற இசைக் கச்சேரி, நிச்சயம் தூங்கிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

பல்கேரியப் பெண்கள் ருச்செனிட்சா என்ற நாட்டுப்புற நடனப் பாட்டைப் பாடத் தொடங்கியதும் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. ஏழு எண்ணிக்கை, நம் கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் மாதிரியே. ஆனால் அவர்கள் இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிக்கிறார்கள், நமக்கு மூன்று முதலில் வருமா, அதனால் நாலைந்து ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தடுமாறினேன். அப்புறம் நார்வேயின் ஹார்டாங்கர் பிடில்: வில் படும் நாலு தந்திகளுக்கு அடியில் வில்லே படாத தந்திகள் சில சேர்ந்து அதிர்கின்றன, தம்பூராவே தேவையில்லை! இத்தாலியின் சார்டினியா தீவிலிருந்து வந்த நான்கு ஆண்கள் நெருக்கமாக வட்டம் கட்டி நின்று பாடினார்கள், அதில் இருவர் அடித்தொண்டையில். யுனெஸ்கோ 2005-இலேயே அங்கீகரித்த கலையாம்.

ஒரே குறை, பாட்டுக்குப் பொருள் சொல்ல ஒரு தாள்கூடத் தரவில்லை. சரி, உங்கள் ஞாயிறு இணைப்பில் இதற்கெல்லாம் அரைப் பக்கம் ஒதுக்க முடியுமா?

– பழைய வாசகர் ஒருவர்