அம்மாவின் கணக்குக்கே பணம் போகட்டும்

சிங்கப்பூர் நாணய ஆணையத்தாருக்கும், பல நாடுகளின் உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளை ஒன்றாக இணைக்கும் நெக்சஸ் கட்டமைப்பை உருவாக்கி வருபவர்களுக்கும் வணக்கம்.

பதினொரு வருடமாகச் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். ஊர் அறந்தாங்கிப் பக்கம். 2023 பிப்ரவரி 21 அன்று, போனிலேயே பணம் அனுப்ப இங்கே இருக்கும் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைந்தபோது, விடுதி அறையில் எங்களுக்கு அதுதான் பேச்சு. அதுவரை ஞாயிற்றுக்கிழமையில் பாதி நாள் சிராங்கூன் சாலையில், பணம் அனுப்பும் கடை வரிசையிலேயே போய்விடும். இனிமேல் கட்டிலில் உட்கார்ந்தபடியே அனுப்பலாம், நொடியில் சேரும் என்றார்கள். சேரவும் செய்தது. அதற்கு மனதார நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

ஆனால் பணம் நொடியில் சேர்ந்தது என் சித்தப்பா மகனுக்கு. அம்மாவுக்கு இல்லை.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். கணக்கு இருப்பது தமிழ்நாடு கிராம வங்கியில். நூறு நாள் வேலைச் சம்பளம் அதில்தான் ஏறும். இந்த இணைப்பு தொடங்கியபோது இந்தியப் பக்கம் ஆறு வங்கிகள் இருந்தன. 2025 ஜூலையில் அது 19 ஆனது. அந்த 19இல் அம்மாவின் வங்கி இல்லை. அதனால் ஸ்மார்ட்போனும் பெரிய வங்கிக் கணக்கும் வைத்திருக்கும் தம்பிக்கே அனுப்புகிறேன். தங்கமான பையன், ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்ததில்லை. ஆனால் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் வர ஒரு வாரம் ஆகும்.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல். காலையில் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பினேன், உடனே பச்சை டிக் விழுந்தது. அந்தப் பணம் அம்மா கைக்கு வந்தது நான்காம் நாள். அதுவரை பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி ஊசி போட்டிருக்கிறார். "உன் காசு வந்துருச்சாம்ப்பா, தம்பி வரட்டும்" என்றார் போனில். மகன் எவ்வளவு அனுப்பினான் என்பதே அம்மாவுக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரிகிறது.

அவர் கணக்கில் ஏறிவிட்டால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார். சம்பளம் எடுக்க, தெருவுக்கு வரும் வங்கி முகவரின் மிஷினில் பெருவிரலை வைப்பார். நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த ரேகை ஒரே தடவையில் விழாது. முந்தானையில் துடைத்துத் துடைத்து மூன்று நான்கு தடவை வைப்பார். நேரமானாலும் தன் பணத்தைத் தன் கையால் எடுப்பார், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த வங்கி எங்கோ தனியாக இருப்பதும் இல்லை. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019இல் இணைந்து உருவானது; அதை ஆதரித்து நடத்துவது இந்தியன் வங்கி. இந்தியன் வங்கியோ இந்த இணைப்பில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. தாய் வங்கி உள்ளே இருக்கும்போது பிள்ளை ஏன் வாசலில் நிற்க வேண்டும்? நீங்களே 2021இல் வங்கி அல்லாத நிறுவனங்களுக்கும், சிங்கப்பூர் வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் மாற்றும் ஃபாஸ்ட், பேநவ் கதவைத் திறந்துவிட்டவர்கள். இந்திய ரிசர்வ் வங்கியிடம் இதைப் பேச உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? பட்டன் போன்காரர்களுக்கென்று யுபிஐ 123பே என்ற வழியை 2022இல் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அந்த வழியில் பதிந்த எண்ணுக்கும் இங்கிருந்து அனுப்ப வகை செய்யுங்கள்.

இந்தியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என ஐந்து நாடுகளை நெக்சஸ் இணைக்கப் போகிறது. எத்தனை நாடு, எத்தனை வங்கி சேர்ந்தது என்ற அறிவிப்பு கண்டிப்பாக வரும். கூடவே இன்னொரு கணக்கையும் வருடாவருடம் வெளியிடுங்கள்: ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை பேர் தங்கள் சொந்தக் கணக்கில் பணம் பெற முடிகிறது, அதில் கிராம வங்கி, கூட்டுறவு வங்கிக் கணக்குகள் எத்தனை, பெண்கள் பெயரில் உள்ளவை எத்தனை? என் பக்கத்துக் கட்டில் நண்பருக்கு ஊர் பங்களாதேஷ். அந்த ஐந்தில் அவர் நாடு இல்லை. அவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமை வரிசையில்தான் நிற்கிறார். அவரையும் மறந்துவிடாதீர்கள்.

அம்மாவின் பாஸ்புக் முதல் பக்கம் என் போனில் படமாக இருக்கிறது. கிராம வங்கிக்கு வழி திறந்து, சோதித்துப் பார்க்க ஆள் தேவை என்றால், முதல் பத்து வெள்ளியை அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
கிராஞ்சி விடுதியில் தங்கியிருக்கும் ஒரு கட்டுமானத் தொழிலாளி