உன் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும்

காவேரிப்பட்டணம்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீ புனே போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டோம். போனில் பேசினால் நடுவில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது, நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரமில்லாத நேரத்தில் படி.

யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி மென்பொருளை எழுதித் திறந்து வைக்கிறவர்கள் கூடுகிற பெங்களூர் மாநாட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய் அல்லவா, அதைப் பற்றித்தான். "அங்கே போய் உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று அம்மா கேட்டாள். பாப்பாவின் லைப்ரரி என்பது புத்தகசாலை இல்லை, மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு சின்ன மென்பொருள், அது என்ன செய்கிறது என்பது புரிந்தது என்றேன். 03/04 என்று எழுதினால் நமக்கு அது ஏப்ரல் மூன்றாம் தேதி, அமெரிக்காக்காரர்களுக்கு மார்ச் நான்கு. யார் எந்த முறையில் எழுதியிருந்தாலும் கம்ப்யூட்டர் குழம்பாமல் படிக்க நீ வழி செய்து வைத்திருக்கிறாய். கம்பெனிகள் அதை எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்கின்றன. காசு கொடுக்க வேண்டாம், உன்னிடம் கேட்கக்கூட வேண்டாம். பென்ஷன் காகிதத்தில் ஒரு தேதி மாறிப்போனால் மனிதன் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சின்ன வேலை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நீ பேசியதில் ஒரு இடம் எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. ஒரு ப்ராஜெக்டில் எத்தனை பேரை பஸ் அடித்துப்போட்டால் அது நின்றுபோகும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். பஸ் ஃபேக்டர் என்றாய். உன்னுடைய லைப்ரரிக்கு அந்த எண் ஒன்று என்று மேடையில் விரலைத் தூக்கிக் காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். கடைசி வரிசையில் இருந்த எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த ஒன்று என் மகள்.

அப்புறம் வெளியே காபி மேசைப் பக்கம் நடந்ததையும் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் வந்தான். வணக்கம்கூட இல்லை. உங்கள் லைப்ரரியில் நாங்கள் சொன்ன ஒரு குறை, ஒரு இஷ்யூ, எட்டு மாதமாகத் திறந்தே கிடக்கிறது, அதனால் எங்கள் மென்பொருளின் ரிலீஸ் நிற்கிறது, எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டான். அவன் பேசியது இங்கிலீஷில்தான், ஆனால் அந்தத் தொனிக்கு மொழி வேண்டியதில்லை. நீ "சாரி, சாரி" என்று சொல்லி விளக்கிக்கொண்டே இருந்தாய். உன் கையில் இருந்த காபி ஆடை கட்டிவிட்டது. அவனை அனுப்பியது அவன் கம்பெனி. நீ சம்பளம் இல்லாத விடுப்பு போட்டு, சொந்தக் காசில் ரயில் டிக்கெட் எடுத்து வந்தவள். எதற்கம்மா நீ சாரி சொன்னாய்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் லைப்ரரியின் லைசென்ஸைப் போனில் காட்டினாயே, எம்.ஐ.டி லைசென்ஸ். இருப்பதை இருக்கிறபடி தருகிறேன், எந்த உத்தரவாதமும் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியிருக்க அந்தப் பையனிடம், "இப்போது நேரமில்லை, அவசரமென்றால் நீங்களே சரிசெய்து அனுப்புங்கள், பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன்" என்று நீ சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது உலகமே பதறியது, ஆனால் அந்த ஓட்டை இருந்த, இணையத்தில் போகிற தகவலைப் பூட்டிக் காக்கிற ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு அதுவரை வருஷத்துக்கு வந்த நன்கொடை 2,000 டாலர் அளவுதான் என்று நீதான் சொன்னாய். வாங்கிக்கொள்கிறவர்கள் கொடுக்கவும் பழக வேண்டும். நீ வாய் திறக்காவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அணையில் மதகைத் திறந்து மூடிப் பாசனத் தண்ணீர் விடுகிற லஸ்கராக வேலை பார்த்தவன் நான், இதை என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் 52 அடி தண்ணீர் நிற்பதை எல்லோரும் வந்து பார்ப்பார்கள். இடதுபுறக் கால்வாயும் வலதுபுறக் கால்வாயும் சேர்ந்து 9,012 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. கடைமடை வரை தண்ணீர் ஒழுங்காகப் போகிற நாளில் லஸ்கர் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு வேளை தண்ணீர் குறைந்துவிட்டால் மதகுக்கே வந்துவிடுவார்கள். எனக்கு வேலை பழக்கிய பெரியவர் மதகு அறைச் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருக்கவில்லை. மழை ராத்திரிகளில் என்னை எழுப்பிக் கூட்டிப்போவார். சக்கரத்தை என் கையில் கொடுத்துத் திருப்பச் சொல்வார். ஷட்டருக்கு அடியில் கட்டை சிக்கியிருந்தால் சக்கரம் ஒரு மாதிரி திமிறும், வெறும் துருவாக இருந்தால் வேறு மாதிரி இறுகும். அது எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை, அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்த வருஷம் தண்ணீர் நிற்கவில்லை. ஊரில் ஒருவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், பாப்பா?

யாராவது ஒருவரிடம் கொடுத்துவிடு என்று சொல்லவில்லை. மாநாட்டில் மறுநாள், ஃபைல்களைச் சுருக்கி வைக்கிற எக்ஸ்.இஜட் என்ற மென்பொருளின் கதையைக் கேட்டபிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. லாஸ்ஸே காலின் என்ற பின்லாந்துக்காரர் வருஷக்கணக்காகத் தனியாளாக, சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பும் மனமும் சோர்ந்திருந்த நேரத்தில் முன்பின் தெரியாத பெயர்களில் ஆட்கள் வந்து ஏன் தாமதம், வேறு ஆளைப் போடுங்கள் என்று நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பொறுப்பு கைக்கு வந்தபிறகு 5.6.0, 5.6.1 வெளியீடுகளில், கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு கள்ளக்கதவை ஒளித்து வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர், லாகின் ஆவதற்கு அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் தப்பித்தோம். உலகத்தில் எத்தனை சர்வர்கள் அந்த அரை விநாடியில் பிழைத்தன! ஜியா டான் யாரென்று வெளியே தெரியவே இல்லை. எனக்கு அந்தப் பின்லாந்துக்காரரை நினைத்துத்தான் மனசு கேட்கவில்லை. அவர் களைத்துப்போகும்வரை பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. நீயும் அந்த நிலைக்குப் போய்விட்டு, யாரோ ஒருவர் "நான் பார்த்துக்கறேன்" என்றதும் சாவியை நீட்டிவிடக் கூடாது.

மாநாட்டின் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது. பேச்சுகளை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நீயே சொன்னாய். ஆளை வீடியோவில் பழக முடியாது. அவர் எப்படிக் கேட்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறாரா, இன்னொருவர் செய்ததை மதிக்கிறாரா, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் சாயங்காலத்துக்குள் பாதி தெரிந்துவிடும். எல்லோரும் கூடி உட்கார்ந்து வேலை பார்க்கிற ஸ்பிரிண்ட் மேசையில் உன்னோடு உட்கார்ந்த பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிப் பெண்ணை நினைத்துப் பார். உன் லைப்ரரியின் விளக்கக் குறிப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினாளாம், அதற்கு நீ நன்றி சொல்லி, அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் எழுதினாயாம். அதைப் போனில் பத்திரமாக வைத்திருந்து எனக்குக் காட்டினாள். எல்லோரும் சாப்பிடப் போனபிறகும் உன்னிடம், "இதை ஏங்க்கா இப்படி எழுதுனீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதியது சரியா என்று பார்க்கிற ஒரு டெஸ்ட் ஓடவில்லை என்றதும் அவள் உன்னைக் கூப்பிடவில்லை, முதலில் தானே தேடிப் பார்த்தாள். எனக்கு அந்தப் பெரியவரிடம் வேலை பழகிய நாட்கள் ஞாபகம் வந்தன. இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகட்டும், அவளைப் பழக்கு. சின்னச் சின்ன இஷ்யூக்களை அவளுக்கென்று ஒதுக்கிவை. நீ ஐந்து நிமிஷத்தில் முடிப்பதை அவள் இரண்டு நாளில் முடிப்பாள், பரவாயில்லை, விட்டுவிடு.

நீயும் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் ஆரம்பித்தவள்தானே. அதில் விண்டோஸோடு, அரசாங்க நிறுவனமான சி-டாக் சென்னையில் செய்த, திறந்து பார்க்கக்கூடிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மற்ற பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவில்லை, நீ திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். எதையாவது கெடுத்துவிடப் போகிறாய் என்று அம்மா பயந்தாள். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதித் திறந்து வைத்ததைப் படித்துத்தான் நீ கற்றுக்கொண்டாய். நீ ஏன் இதை விடமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும், விடச் சொல்லவும் மாட்டேன்.

சரி, இப்போது காசு விஷயம். பிரஸ்ஸல்ஸில் ஃபாஸ்டெம் என்று பெரிய கூட்டம் நடக்கும், நுழைவுக் கட்டணமும் கிடையாது பதிவும் கிடையாது, ஆனால் விமானச் செலவு தாங்காது என்று பஸ்ஸில் ஒருமுறை சொல்லி அத்தோடு பேச்சை மாற்றிவிட்டாய். மாந்தோப்பை இந்த வருஷம் பூவிலேயே குத்தகைக்கு விட்டோம். கடைசித் தவணையும் வந்துவிட்டது. அம்மாவிடம் பேசிவிட்டேன், அவளுக்கும் சம்மதம். டிக்கெட்டுக்கு அந்தப் பணத்தை உன் கணக்கில் போடுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. உன் லைப்ரரியைப் பயன்படுத்துகிற ஆட்கள் அங்கே வருவார்கள் என்றாய். அங்கே மேடை ஏறிப் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களோடு உட்கார்ந்து பேசு. அவர்களிலும் ஒருவர் தேறலாம். விசாவுக்கு நாளாகும், இந்த வாரமே ஆரம்பித்துவிடு. பிப்ரவரியில் அங்கே குளிர் கடுமையாக இருக்குமாம், நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள்.

அந்தப் பர்கூர்ப் பெண்ணின் நம்பர் உன்னிடம் இருக்கிறதல்லவா? பொங்கலுக்கு நீ வரும்போது அவளையும் ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல். பர்கூரிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது. களியும் கீரைக் கடைசலும் செய்துவிடலாம் என்று அம்மா சொல்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து வேலையைப் பாருங்கள், நான் யாரையும் குறுக்கே வரவிடமாட்டேன். என்றைக்கு வருகிறாய் என்று அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்
அப்பா