கல்பாவில் எங்களைச் சும்மா இருக்கவிட்டவர்களுக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டம் கல்பா ஊராருக்கும், ரெக்காங் பியோ பஸ் நிலையத்தில் எங்களைக் கண்டு இரங்கிய நடத்துநருக்கும் வணக்கம்.

முதுகுப்பையும் நாங்களுமாக ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டிருந்தோம். நாக்கோ அருகே மலிங்கில் மண் சரிந்து சாலை அடைபட்டது. தோழியின் முழங்காலும் வீங்கியிருந்தது. "இங்கே அறை தேடி அலையாதீர்கள், மேலே கல்பாவுக்குப் போய்ப் படுங்கள். வழி திறந்தால் சொல்லியனுப்புகிறேன்" என்றார் நடத்துநர். சொன்னபடியே சொல்லியும் அனுப்பினார். பயண ஏஜென்ட் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டும் செய்யாத வேலை இது.

ஆப்பிள் தோட்டத்து வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். இருட்டியதும் அறை நடுவிலிருந்த இரும்பு அடுப்பில் (அங்கே அதுதான் தந்தூர்) விறகைத் திணிப்பார். சின்னக் கிண்ணத்தில் சுல்லி எண்ணெயை அதன்மேல் வைத்துச் சூடாக்குவார். காட்டுப் பாதாமி (ஆப்ரிகாட்) கொட்டையின் பருப்பில் ஆட்டிய எண்ணெய் அது. கசப்புக் கலந்த வாசனை வரும். தோழியின் காலைத் தம் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, முட்டியைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார். அவள் கத்தினால் சிரிப்பார், விடமாட்டார்.

பகலில் எதிரே கின்னர் கைலாசம். ஆறாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அந்த மலையை மரத் திண்ணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு, சில்கோசா என்ற பைன் கொட்டையை உரித்துத் தின்றோம். வேறொன்றும் செய்யவில்லை. மலையூர்களில் வந்து இறங்கியதுமே "அருவி பார்த்தாயிற்றா, கோயில் பார்த்தாயிற்றா" என்று துரத்துவார்கள். கல்பாவில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் தினமும் ஒரே கதையோடு வருவார். பனி விழுந்தால் வழி அடைபடும் என்று இங்கே முன்கூட்டியே ஓட்டுப்பதிவு நடத்தினார்களாம். அப்படித்தான் 1951 அக்டோபரில் இவ்வூர் ஆசிரியர் சியாம் சரண் நேகி சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளரானார். பெரியவர் தாமே கூட நின்று பார்த்ததுபோல் சொல்வார். எங்களுக்கும் சலிக்கவில்லை. தாத்தா, உங்களுக்கும் நன்றி.

அம்மா, முழங்கால் குணமாகிவிட்டது. 996இல் கட்டிய, ஸ்பிதியிலுள்ள தாபோ பௌத்த மடாலயம் வரை போய்வந்தோம். இவள் எங்கும் நொண்டவில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய எண்ணெய்ப் புட்டி தீர்ந்துவிட்டது. காசு வாங்கிக்கொள்வதாக இருந்தால், அடுத்த வருடத்துக்கு இன்னொன்று எடுத்துவையுங்கள்.