ராசிபலன் வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தின் 2025-26 சீசன் தொடங்க இன்னும் சில நாட்களே உள்ளன. கோல் கணக்கில் எந்த வீரர் ஏறுவார், யார் இறங்குவார் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பட்டியலைப் படித்தேன். சென்ற சீசனில் கோல் குவித்தவர்கள் எல்லோரும் ஏறுகிறார்கள். கோல் குறைந்தவர்கள் எல்லோரும் இறங்குகிறார்கள். பக்கம் அமைக்கும்போது வார ராசிபலனும் இதுவும் இடம் மாறிவிட்டனவோ என்று சந்தேகம் வந்தது. ராசிபலன் எழுதுகிறவராவது பரிகாரம் ஒன்று சொல்லியிருப்பார்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் கிறிஸ் வுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற சீசனில் 20 கோல் அடித்தார். இந்த முறை 25ஐத் தொடுவார் என்கிறது உங்கள் பட்டியல். எதை வைத்து? வருகிற டிசம்பரில் அவருக்கு 34 வயது நிறைகிறது. பர்ன்லி அணியில் 2017 முதல் 2021 வரையிலான நான்கு சீசன்களில் அவர் அடித்த லீக் கோல்கள் 10, 10, 14, 12. ஃபாரஸ்ட்டுக்காக 2023-24இல் அடித்தது 14. ஆண்டுக்குப் பன்னிரண்டு வாக்கில் அடிப்பவர் என்று இவ்வளவு காலம் தெரிந்த ஒருவர், ஒரே ஓர் ஆண்டு 20 அடித்தால், அடுத்த ஆண்டு 25ஐ நோக்கிப் போவாரா, பழைய பன்னிரண்டை நோக்கி வருவாரா?

இதற்கு உதவும் அளவுகோல் ஒன்று பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு தொலைவிலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா அடிக்கப்பட்டது என்று பார்ப்பார்கள். அதே மாதிரியான ஷாட்டுகளில் இதுவரை எத்தனை கோலாகின என்று கணக்கிட்டு, இதற்கு ஒரு மதிப்புக் கொடுப்பார்கள். பெனால்டி என்றால் ஏறத்தாழ முக்கால் கோல். நாற்பது கஜத்திலிருந்து அடித்துப் பார்த்தால் அநேகமாகப் பூஜ்யம். எக்ஸ்-ஜி என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். சென்ற சீசனில் வுட்டுக்குக் கிடைத்த வாய்ப்புகளை இப்படிக் கூட்டினால் 20ஐவிட ஆறேழு கோல் குறைவாகவே வரும். அந்த ஆறேழும் அவர் திருடியவை அல்ல, அழகாக அடித்தவைதான். ஆனால் அடுத்த ஆண்டும் அவை தவறாமல் வரும் என்று கடன் கொடுக்க எந்த வங்கியும் முன்வராது.

பிரையன் எம்பூமோ, மத்தேயுஸ் குன்யா இருவரைப் பற்றி எழுதியதுதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. ப்ரென்ட்ஃபோர்டில் எம்பூமோ 20 கோல், வுல்வ்ஸில் குன்யா 15 கோல். இருவரையும் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியிருக்கிறது. சென்ற சீசனில் 38 ஆட்டங்களில் 44 கோல் மட்டும் அடித்து 15ஆம் இடத்தில் முடித்த அணி அது. 44உடன் 35ஐக் கூட்டி 79 என்று உங்கள் கட்டுரையாளர் முடிவு கட்டியிருக்கிறார். கோல்களை இப்படி மூட்டை கட்டி ஊர் மாற்ற முடியாது ஐயா. பந்து ஒன்றுதான், இவர்கள் அடிக்கும் ஷாட்டுகள் வேறு யாரோ அடித்திருக்க வேண்டியவை. போதாக்குறைக்கு இருவருமே தமக்குக் கிடைத்த வாய்ப்புகளின் மதிப்பைவிட ஏராளமாக அடித்தவர்கள். எம்பூமோவின் கணக்கில் ஐந்து பெனால்டி வேறு. யுனைடெட்டில் பெனால்டி அடிக்க புரூனோ ஃபெர்னாண்டஸ் இருக்கிறாரே, அவர் விட்டுக்கொடுப்பாரா?

ஆண்டுதோறும் அந்த மதிப்பைத் தாண்டி அடிப்பவர்கள் மிகச் சிலர் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். டாட்டன்ஹாமில் ஆடிய சோன் ஹ்யுங்-மின் அப்படிப்பட்டவர். 2021-22இல் ஒரு பெனால்டிகூட இல்லாமல் 23 கோல் அடித்தார். அவரே அடுத்த சீசனில் அடித்தது 10. அதற்கடுத்து 17.

இப்படி ஏறி இறங்கும்போது நம் பத்திரிகைகள் உடனே மனிதரின் குணத்தை ஆராயத் தொடங்கிவிடுகின்றன. மான்செஸ்டர் யுனைடெட்டில் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் 2022-23இல் 17 லீக் கோல் அடித்தார். 2023 ஜூலையில் புதிய ஒப்பந்தம் போட்டார். 2023-24இல் 7 கோலுடன் முடித்தார். பணம் வந்ததும் பசி போய்விட்டது என்று எழுதாதவர் யார்? 2019-20 முதல் வரிசையாகப் பார்த்தால் அவருடைய கணக்கு 17, 11, 4, 17, 7. ஒப்பந்தம் கெடுத்தது என்றால் நடுவில் வந்த 4ஐக் கெடுத்தது எது? உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதை 1886இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் எழுதினார். உச்சத்துக்கு அடுத்து வருவது சராசரியை நோக்கித் திரும்புவது இயல்பு. அந்தப் பிள்ளைகளுக்குச் சோம்பல் என்று அவர் சொல்லவில்லை. லிவர்பூலில் முகமது சலா 2017-18இல் 32 கோல் அடித்துவிட்டு அடுத்த சீசனில் 22க்கு வந்தபோதும் சரிந்துவிட்டார் என்றார்கள். அந்த 22க்கும் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி கிடைத்தது, இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டாலும்.

இறங்குவார் என்று நீங்கள் குறித்த எர்லிங் ஹாலந்தின் கதை வேறு. 36, 27, 22 என்று மூன்று எண்களை வைத்து ஒரு கோடு இழுத்திருக்கிறீர்கள். அந்தக் கோட்டை நீட்டிக்கொண்டே போனால் சில ஆண்டுகளில் அவர் கோலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்! 22 அடித்த சீசனில் அவர் ஆடியது 31 ஆட்டம். மான்செஸ்டர் சிட்டியின் நடுக்களத்தைத் தாங்கி நிற்கும் ரோட்ரி 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து, ஏறக்குறைய சீசன் முழுதும் இல்லை. அணியே மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஹாலந்துக்கு இப்போதுதான் 25 வயது. சுற்றி இருந்தது சரிந்ததை அவருடைய சரிவாக எழுதுவது என்ன நியாயம்?

ஏறப்போகிறவர்களைக் கண்டுபிடிக்கவும் இதே வழிதான்: சுற்றிலும் பார்க்க வேண்டும். ரியல் மாட்ரிட்டில் கரீம் பென்சிமா 2017-18இல் அடித்த லீக் கோல் ஐந்தே ஐந்து. கிறிஸ்டியானோ ரொனால்டோ கிளம்பிய அடுத்த சீசனில் 21. பெனால்டியும் இடமும் பந்தும் அவரிடம் வந்து சேர்ந்தன. பாரிஸ் அணியின் உஸ்மான் டெம்பெலே 2023-24இல் பிரெஞ்சு லீக்கில் 3 கோல். அணியின் முதன்மைக் கோல் வீரர் எம்பாப்பே போன பிறகு, பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவரை வலது ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்ததும், 21 கோல். முந்தைய சீசனின் கோல் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த இரண்டில் ஒன்றாவது தெரிந்திருக்குமா?

வயதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது வியப்பு. வேகத்தை நம்பி ஆடும் முன்கள வீரர்கள் முப்பதுக்கு மேல் தளர்வது பொது வழக்கம். 33 வயதில் 23 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய ஜேமி வார்டி விதிவிலக்கு. அவர் பிரீமியர் லீக்குக்கு வந்ததே 27 வயதில். கோல்கீப்பர்களின் கணக்கு தனி. இத்தாலியின் கோல்கீப்பர் டினோ ஸோஃப் 1982இல் உலகக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு வயது 40.

எண்களில் எளிதில் தெரியாதது உடல் களைப்பு. பார்சிலோனாவின் பெட்ரி 2020-21இல் கிளப், ஐரோப்பியக் கோப்பை, டோக்கியோ ஒலிம்பிக் என்று 70க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார், பதினெட்டு வயதில். அடுத்த சீசனின் 38 லீக் ஆட்டங்களில் 12 மட்டுமே ஆட முடிந்தது. மீதிக்குத் தொடைத் தசை இடம் கொடுக்கவில்லை. இந்த ஆண்டு கிளப் உலகக் கோப்பை இறுதியாட்டம் ஜூலை 13 அன்று நடந்தது. அதில் இரண்டு கோல் அடித்த செல்சி வீரர் பால்மருக்கு முழுதாக ஐந்து வாரம்கூட ஓய்வு இல்லை. உங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே மேல்நோக்கிய அம்புக்குறி. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கலாம்.

ஐரோப்பாவை விடுங்கள், இந்தியன் சூப்பர் லீக்கில் நம் ஊர் அணி சென்னையின் எஃப்சி இருக்கிறது. 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று கோப்பை வாங்கியது. அடுத்த சீசனில் பத்து அணிகளில் பத்தாவது இடம். அதற்கடுத்த சீசனில் மறுபடி இறுதியாட்டம். அந்த மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டு உங்கள் பட்டியலைப் போட்டிருந்தாலும் தலைகீழாகப் போயிருக்கும்.

கணிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அதில் ஆசை உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் ஆடிய நிமிடங்கள், பெனால்டி நீங்கலான கோல்கள், வாய்ப்புகளின் மதிப்பு, வயது ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். 2026 மே மாதம் சீசன் முடிந்ததும் இதே பட்டியலை, பலித்தது எது, பலிக்காதது எது என்ற குறிப்புடன் மறுபடி வெளியிடுங்கள். பலித்ததை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் டிவி ஜோசியர்களோடு போகட்டும்.

அப்போது ஒப்பிட்டுப் பார்க்க என் கணிப்புகளையும் தருகிறேன். வுட் 15ஐத் தாண்டமாட்டார். எம்பூமோவும் குன்யாவும் சேர்ந்து லீக்கில் 25ஐத் தொடமாட்டார்கள். சலா சென்ற சீசனில் அடித்த 29, அதில் ஒன்பது பெனால்டி, திரும்ப வராது. ஹாலந்து முப்பது ஆட்டம் ஆடினால் 25க்குக் குறையமாட்டார்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகர்,
சென்னை