தும்பறை மலையிலிருந்து இறங்கிய அன்று

திருகோணமலை,
சித்திரைக் கடைசி.

அன்பின் தோழிக்கு,

இங்கே நலம். நீயும் பிள்ளைகளும் அங்கே நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதம் இன்னும் என் மேசையில் பதிலின்றிக் கிடக்கிறது. அதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம், ஆனால் இதை வாசித்து முடித்த பிறகு ஏசு.

உன் தம்பி உன்னோடு பேசியிருக்கக்கூடும். இல்லையென்றால் இரண்டொரு நாளில் பேசுவான். தன் மூத்த மகளின், நம் பெரியவளின், காலில் பிளாஸ்டர் போட்டிருக்கிறது என்பான். மலையில் அவள் கூட்டத்தை விட்டுத் தனியே போனதால்தான் விழுந்தாள் என்றும் சொல்வான், ஏனென்றால் எங்கள் தெருவில் அப்படித்தான் கதைக்கிறார்கள். அது உண்மையல்ல. நடந்ததை நானே உனக்கு எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் பதறாதே: கணுக்கால் எலும்பில் சிறு வெடிப்பு, ஆறு வாரம் பிளாஸ்டர், முழுமையாகக் குணமாகும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

புதுவருடத்துக்குப் பிந்திய சனிக்கிழமை நாங்கள் பதினொரு பேர் நக்கிள்ஸுக்குப் போனோம். காலையில் கடற்கரையில் நடக்கும் நாங்கள் நால்வர் (நான், தபாற்கந்தோர் அக்கா, பல்வைத்தியர், 'சனிக்கிழமை' என்று நாம் பட்டம் வைத்த நம்முடைய தோழி), மிகுதி ஏழு பேரும் விடுமுறைக்கு வீடு வந்திருந்த இளசுகள். 'சனிக்கிழமை' சனிக்கிழமையில் வந்தாள் என்பதை நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும், படம் அனுப்புகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு வான் வண்டியில் புறப்பட்டு, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, றத்தோட்டை என்று போய், றிவஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புறப் பக்கம் இறங்கினோம். மூடிய கைமுட்டியின் கணுக்களைப் போலத் தெரிவதால் வெள்ளைக்காரர் அம்மலைகளுக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டார்கள். ஊரவர் தும்பறை மலை என்கிறார்கள். கணவாய்க்கு மேற்கே மூடுபனியும் ஈரமுமாக இருந்த மலை, கிழக்கே திரும்பியதும் காய்ந்த புல்லும் வெயிலுமாக மாறியதைக் கண்டபோது, நம் ஊர்க் காற்று இவ்வளவு தூரம் ஏறி வந்துவிட்டதா என்று எனக்குத் தோன்றியது. அங்கிருந்து ஓடும் ஆறுகள் அம்பன் கங்கையில் விழுந்து, மகாவலியோடு சேர்ந்து, கடைசியில் நம்முடைய கொட்டியாரக்குடாவில்தான் வந்து முடிகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரியவள் ஓர் ஓடையில் இரு கைகளாலும் நீரை அள்ளிப் பார்த்துவிட்டு, இது எங்கள் வீட்டுக்கு வர எத்தனை நாளாகும் என்று கேட்டாள். அவள் உன்னைப் போலத்தான் கேட்பாள்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதை விளங்கினால்தான் விபத்து விளங்கும். நாங்கள் ஏறியது பழைய ஏலத்தோட்டப் பாதை. 1960களிலிருந்து அந்தக் காட்டின் பெருமரங்களுக்குக் கீழே ஏலம் பெருமளவில் பயிரிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் மலைத்தொடர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பின்னர் அந்தச் செய்கை நின்றுபோயிற்று. காட்டுக்கு அது நன்மை. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டில் இந்தக் காடும் அடங்கும். ஆனால் ஏலம் போனதோடு, ஏலம் சுமந்தவர்கள் வெட்டித் திருத்தி வைத்திருந்த வழியைப் பார்ப்பாரும் இல்லாமற் போய்விட்டார்கள். மலைப்பாதை என்பது கால் நடப்பதற்கான இடம் மட்டுமன்று, நீரை விலக்கி அனுப்புவதற்கான ஏற்பாடும் ஆகும். பாதைக்குக் குறுக்கே வெட்டிய சிறு கான்கள் மண்ணால் தூர்ந்துவிட்டால், மழைநீர் பக்கவாட்டில் இறங்காமல் பாதையின் வழியே நேராக ஓடத் தொடங்கும். ஓடி ஓடி நடுவிலே இடுப்பளவு பள்ளம் விழும். பள்ளத்துக்குள் நடக்க முடியாதவர்கள் விளிம்பிலே நடப்பார்கள். விளிம்பும் இடிந்தால் இன்னும் தள்ளி நடப்பார்கள். இப்படியே ஒரு வழி மூன்றாகவும் நான்காகவும் பிரிந்துவிடுகிறது. ஏறும்போது இது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் கிளைகள் எல்லாம் மேலே போய் ஒன்றுகூடுகின்றன. இறங்கும்போதுதான் ஒவ்வொரு கிளையும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவற்றுள் சில நீர் மட்டும் போன வழிகள். செங்குத்தில் போய் முடிபவை. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு இது ஏறும்போதே தோன்றியிருக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குவதாக ஏற்பாடு. தொடங்கியது எட்டு நாற்பதுக்கு. எங்கே நின்றாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவது என்று வானிலேயே பேசி முடிவு செய்திருந்தோம், ஏனென்றால் சித்திரையில் அம்மலைகளில் பிற்பகலில் இடிமழை பிடிப்பது வழக்கம். பன்னிரண்டு மணிக்கு நாங்கள் கடைசிப் புல்வெளியின் அடியில் நின்றோம். உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான்தான் வயதில் மூத்தவள் என்பதற்காக. பல்வைத்தியர் மட்டும் மெதுவாக, "மணி பன்னிரண்டு" என்றார். நான் "இன்னும் அரைமணி நேரம்தானே" என்று சொன்னேன்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், தோழி. களைப்பினாலோ கணக்குப் பிழையினாலோ நான் அதைச் சொல்லவில்லை. உச்சியை நான் பார்க்க விரும்பினேன். ஐம்பத்தெட்டு வயதில் இனி ஒரு முறை இங்கே வருவேனா என்று நினைத்தேன். என் ஆசையைப் பத்துப் பேரின் முடிவாக்கினேன்.

அரைமணி நேரம் ஒன்றேகால் மணி நேரமானது. மேலே நின்றபோது கிழக்கே வஸ்கமுவக் காட்டுச் சமவெளி பச்சைப் பாயாக விரிந்து, நீலத்தில் கரைந்து, எங்கள் ஊர் இருக்கும் திசை வரைக்கும் போயிற்று. அந்தக் காட்சியை நான் பழிக்க மாட்டேன். இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் எங்கள் முதுகுக்குப் பின்னால் மேற்கே கருமுகில் கூடியதை அரைமணி நேரமாக ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இறக்கத்தின் நடுவில் முதல் மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினேன்: பதினைந்து செக்கன், அதாவது ஐந்து கிலோமீற்றர். அடுத்தது ஒன்பது, மூன்று கிலோமீற்றர். மொட்டைப் புல்வெளியில் நிற்க முடியாது என்று கத்தி எல்லாரையும் விரைவாக மரங்களுக்குள் இறங்கச் சொன்னேன். அது சரியான கட்டளை; ஆனால் யார் கடைசியாக வருவது என்று நான் சொல்லவில்லை. இளம் பொடியன்கள் நால்வர் ஆட்டுக்குட்டிகளைப் போலப் பாய்ந்து போனார்கள். மழை பிடித்ததும் அட்டைகள் எழுந்துவிட்டன. சவர்க்காரமும் தேசிக்காயும் பூசிய கால்களில்கூட ஏறின. மத்தியானம் சாப்பிட்ட பெரிய பாறைக்கு வந்து ஆட்களை எண்ணினேன். பத்து. மறுபடியும் எண்ணினேன். பத்து.

நம்முடைய ரீச்சர் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழாவது கிணற்றடியில் நின்று எண்ணிய முகம் அப்போது எனக்கு முன்னால் வந்தது. அன்று குறைந்த ஆள் நீ. அன்று நாங்கள் சிரித்ததற்கு அவர் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்பது நாற்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பாறையில் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ண வேண்டும், மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விட வேண்டும், பலமான ஒருவர் எல்லாருக்கும் பின்னால் வர வேண்டும் என்று எத்தனை தரம் சொல்லித் தந்தார்! ரீச்சர் தந்த விசிலும் என்னிடம் இருந்தது. கீழே வானில், பையினுள்.

பெரியவளோடு வந்த இரண்டு பிள்ளைகளும் அழுதுகொண்டே சொன்னார்கள்: சப்பாத்துக்குள் அட்டை போய்விட்டது, எடுத்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்றாளாம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள், அவர்களில் குற்றமில்லை. மற்றவர்களைப் பாறையை விட்டு அசையக்கூடாது என்று தபாற்கந்தோர் அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு, பல்வைத்தியரும் நானும் திரும்பி ஏறினோம். கூப்பிட்ட குரலை இடி விழுங்கியது. முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது. நேரில் வரும்போது கேள்.

பாதை மூன்றாகப் பிரியும் ஓரிடத்தில், நடுக்கிளையின் சேற்றில் ஒரு சப்பாத்து வழுக்கி இழுபட்ட நீண்ட தடத்தைப் பல்வைத்தியர்தான் கண்டார். இரண்டு தென்னை உயரத்துக்குக் கீழே, ஒரு பாறை இடுக்கில் அவள் உட்கார்ந்திருந்தாள். சால்வையால் தன் கணுக்காலைத் தானே இறுக்கிக் கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் முதலில் சொன்னது, "மாமி, நான் வழியாலதான் வந்தனான்" என்பதுதான். அவள் சொன்னது சத்தியம். அவளுக்கு வழியாகத் தெரிந்த வழியாலேயே அவள் வந்தாள். உன் தம்பிக்கும் ஊருக்கும் இந்த ஒன்றை நீ சொல்ல வேண்டும்: அவள் கூட்டத்தை விட்டுப் போகவில்லை, கூட்டம்தான் அவளை விட்டு வந்தது, கூட்டத்தை நடத்தியவள் நான்.

மலைக்குக் கிழக்கே வெயில் சீக்கிரம் போய்விடும் என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன். ஐந்தரைக்கே மரங்களுக்குள் இருள். பொடியன்கள் முறை வைத்து முதுகில் சுமந்தார்கள்; அந்தச் சேற்றில் பத்து அடிக்கு ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது. தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. எங்களைக் காணாத வான் சாரதி கிராமத்தில் போய்ச் சொல்ல, ஒரு முதியவரும் அவருடைய இரண்டு மகன்மாரும் அயலவர்களும் டோர்ச் வெளிச்சத்தோடு ஏறி வந்தார்கள். சாக்கு இரண்டின் மூலைகளை அறுத்து, கம்புகளை உள்ளே செருகி, ஐந்து நிமிடத்தில் தூக்கு ஒன்று செய்துவிட்டார்கள். முதியவர் முன்னால் நடந்து, கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கத்தியால் ஒரு கொப்பை வெட்டிப் பிழையான வாயில் குறுக்கே போட்டுக்கொண்டே போனார். தான் சிறுவயதில் ஏலம் சுமந்த பாதை இது, கண்ணை மூடிக்கொண்டும் இறங்குவேன் என்று சிங்களத்தில் சொன்னார். எட்டே முக்காலுக்குக் கிராமத்தை அடைந்தோம். அவருடைய மனைவி எல்லாருக்கும் இஞ்சித் தேநீர் ஊற்றித் தந்தார். பெரியவளின் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டினார். பணம் கொடுக்க முயன்றபோது முதியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு உன் தம்பி விடியற்காலையில் வந்து சேர்ந்தான். என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல், "நீங்கள் போய்ப் படுங்கள் அக்கா" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து என் படலையைத் தாண்டிப் போகும்போது நிற்பதில்லை. நடந்ததை அவனிடம் சொல்ல இரண்டு முறை போனேன். "அது முடிந்த கதை அக்கா" என்று எழுந்துவிட்டான். எங்களுக்குள் சமாதானம் செய்து வைக்கும்படி நான் கேட்கவில்லை. மகள் கவனக்குறைவாக நடந்தாள் என்று அவளை அவன் ஏசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் நம்பித் தந்தது என்னிடம்.

இன்னொன்று. ஆவணி விடுமுறையில் மறுபடியும் அங்கே போகிறோம், ஏறுவதற்காக அல்ல. அந்தக் கிராமத்தவர்களோடு சேர்ந்து ஒரு நாள் சிரமதானம் செய்து, கான்களைத் தோண்டி, பிழையான கிளைகளைக் கல்லாலும் முள்ளாலும் அடைத்து, திருப்பங்களில் அடையாளம் வைக்க நினைத்திருக்கிறோம். காப்புக்காட்டில் அனுமதியின்றி ஒரு கொப்பைக்கூட வெட்டக் கூடாது என்பதால், அனுமதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தைச் சென்ற திங்கட்கிழமை அனுப்பிவிட்டேன். முதியவர் எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியவள் தானும் வருவதாக நிற்கிறாள். தகப்பன் சம்மதித்தால் ஒழியக் கூட்டிப் போகமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

மாத முடிவில் அக்காவின் மகன் அங்கே வருகிறான். நெத்தலிக் கருவாடும் ஒடியலும் கொடுத்துவிடுகிறேன். ஒடியல் மாவில் கூழ் காய்ச்சத் தெரியாது என்று இனியும் சொல்லாதே. தம்பி அழைத்தால், இதை முழுவதும் வாசித்து முடித்த பிறகே அவனோடு பேசு.

என்றும் உன் அன்புத் தோழி.